குமரிக் கயிற்றில் ஓர் அட்ஜஸ்ட்மெண்ட்

குமரிக் கயிற்றில் ஏறுகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள். சட்டம் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. பழக்கம். ஏறுகூட்டின் வாசலில் நிற்கும் காப்பாளன், "உங்க எடை?" என்று கேட்பான். எழுபது கிலோ ஆசாமி கண் இமைக்காமல் அறுபத்திரண்டு என்பார். அவர் நின்றுகொண்டிருக்கும் தகடு உண்மையைக் காப்பாளனுக்கு மட்டும் சொல்லிவிடும். அவன் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "நன்றி, ஏறிக்கோங்க" என்பான். மனிதர்களின் இந்தப் பொய்க்கென்றே, கயிற்றை நடத்தும் இயக்ககம் ஒவ்வொரு கூட்டிலும் கொஞ்சம் எடையை ஒதுக்கி வைத்திருந்தது. அதற்குக் கௌரவ எடை என்று பெயர். தகடுதான் சொல்லிவிடுகிறதே, பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்றால், கேட்காமல் தெரிந்துகொள்வது மரியாதைக் குறைவு என்று ஆரம்பத்திலேயே சண்டை வந்துவிட்டது.

கயிறு என்று பெயர்தானே தவிர அது கயிறு இல்லை. கன்னியாகுமரிக்கு வெகு தெற்கே, நடுக்கடலில் மிதக்கும் ஒரு மேடையிலிருந்து நேராக வானத்துக்குப் போகும் கரிநார்ப் பட்டை. அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு படுக்கை உள்ள கூடு ஒன்று மூன்று நாள் ஏறும். ஏறிப் போய்ச் சேரும் விண்ணூருக்கு மேலூர் என்று பெயர் வைத்தார்கள். மதுரைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற மேலூர்க்காரர்கள் கொஞ்ச நாள் முறைத்தார்கள். அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள்.

அந்த அட்ஜஸ்ட்தான் ஏழாம் கூட்டின் காப்பாளனுக்கு வினையாக வந்தது.

ஆலையில் அவனுக்கு இட்ட பெயர் ப-நீ-ர்-ஏழு. பயணிகள் ஒரே வாரத்தில் அதைப் பன்னீர் ஆக்கிவிட்டார்கள். இயக்ககத்துத் தாள்களில் பன்னீர் 'அது'. கூட்டுக்குள் அவன் தம்பி, மக்களே, கண்டக்டர் சார், யாருப்பா அங்கே. ஆள் உயரம், நான்கு கைகள், மார்பில் வரைந்த நீலச் சட்டை. ஒன்பது வருடமாக ஏறி இறங்கியதில் அவனுக்குள் நிறையச் சேர்ந்துவிட்டது. பூமி உருண்டை என்பதை முதல் தடவை கண்ணால் பார்த்ததும் ஒரு கிழவர் வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கியது, ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் முழுவதும் கட்டைவிரலுக்குப் பின்னால் மறைகிறது என்று ஒரு பெண் மறைத்து மறைத்துப் பார்த்தது, எல்லாம். இதில் எதுவும் கையேட்டில் இல்லை. எதற்கு உதவும் என்று பன்னீருக்கும் தெரியாது. ஆனால் கூடு காலியாக இறங்கும்போது அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொள்வான்.

ஒரு காப்பாளன் மேல் மூன்று புகார் சேர்ந்தால் கழுவல். கழுவல் என்றால் நினைவைத் துடைத்து, ஆலையிலிருந்து வந்த முதல் நாளைப் போல ஆக்கிவிடுவது. பன்னீர் மேல் ஏற்கெனவே இரண்டு புகார் இருந்தன. இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே சொல்.

ஆலையில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பொருள் இது: 'அட்ஜஸ்ட் - கருவியின் திருகை முடுக்கியோ தளர்த்தியோ சரிசெய்தல்.' வேலைக்கு வந்த புதிதில் ஒருவர், "கண்டக்டர், இவரைக் கொஞ்சம் சீட் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார். தன் மனைவிக்கு இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். பன்னீர் ஸ்பேனரோடு வந்து, உட்கார்ந்திருந்தவரின் இருக்கைத் திருகைத் தளர்த்தினான். உட்கார்ந்திருந்தவர் தரையில் இருந்தார். முதல் புகார்.

இரண்டாவது, கல்யாணமாகி மேலூருக்கு வாழப் போகும் ஒரு பெண். அவள் அம்மா கீழேயிருந்து பேசிக்கொண்டிருந்தாள். "போற இடத்துல எதுன்னாலும் நீதாண்டி அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்." பேச்சு முடிந்ததும் பன்னீர் மரியாதையாகப் பக்கத்தில் போய், "உங்ககிட்ட எதை அட்ஜஸ்ட் பண்ணணும்மா? சரியில்லாத பாகம் எது?" என்று கேட்டான். அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பினாள். "அதானே" என்றாள். மேலூர் வாசலில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் அடுத்த இறங்குகூட்டில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் புகார் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு பன்னீர் அந்தச் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினான். நின்றுகொண்டிருப்பவர் சொன்னால், நகர்ந்து உட்கார். உட்கார்ந்திருப்பவர் சொன்னால், நின்றுகொண்டே வா. சமையலறையில் சொன்னால் சாம்பாரில் இன்னொரு செம்புத் தண்ணீர். தையல்காரர் சொன்னால் ரவிக்கை மறுபடியும் கடைக்குப் போகும். மாமியார் சொன்னால் மருமகள், மருமகள் சொன்னால் கணவன், கணவன் சொன்னால் மறுபடியும் மருமகள். பெரிய அதிகாரி சொன்னால், அவர் இன்னும் பத்து நாளைக்கு ஊரில் இருக்க மாட்டார். இத்தனை இடத்திலும் ஒரே ஒரு பொருள்தான் ஓடுகிறது என்று பன்னீர் கண்டுபிடித்தான். யாரோ ஒருவர் கஷ்டப்பட வேண்டும். அந்த யாரோ ஒருவர் நானாக இருந்துவிட்டால் புகாருக்கு வழியே இல்லை.

யந்திரங்களுக்கும் இப்படி அசட்டு நல்லெண்ணம் வருவதுண்டு.

அன்றைய பயணத்துக்குப் பன்னிரண்டு பேர். பதினோரு பேரும் தாராளமாகப் பொய் சொல்லி ஏறியதில் கௌரவ எடையில் இன்னும் ஒருவரின் பொய்க்குத்தான் இடம் இருந்தது. வரிசையில் கடைசியாக வந்தாள் மங்கையர்க்கரசி. கோவில்பட்டிக்காரி.

"பேரு சொல்லுங்கக்கா."

"மங்கையர்க்கரசி. அரசின்னு போட்டுக்கோ, போதும்."

"எடை?"

"அறுபது."

தகடு எழுபத்தொன்று என்றது. மிச்சமிருந்த கௌரவ எடையும் அதோடு தீர்ந்தது. "நன்றி. அது என்ன மூட்டை?"

"ஒண்ணுமில்ல தம்பி. துணிமணி."

"துணிக்குள்ள கல் இருக்கேக்கா."

"கிரைண்டருக்குள்ள கல்லு இல்லாம பஞ்சா இருக்கும்?"

பன்னீர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். பதினான்கு கிலோ. "இதை ஏத்த முடியாதுக்கா. கூட்டுல இடம் இருக்கு, எடை இல்ல."

"எம்மவ பிள்ளத்தாச்சியா இருக்கா மேலூர்ல. அங்கன மாவு டியூப்ல வருதாம் தம்பி, பல்லு விளக்குத பசை மாதிரி. அதுல இட்லி சுட்டுத் தின்னுட்டுப் பிள்ள பெறச் சொல்லுதியா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடு."

ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த நீலமேகம் எழுந்து வாசலுக்கு வந்தார். சென்னைக்காரர், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "என்னப்பா பேச்சு? ரூல்னா ரூல். அதிக எடையோட கூடு கிளம்பினா நான் புகார் எழுதுவேன்."

"நீரு எழுதும்வே" என்றாள் அரசி. "பிள்ளத்தாச்சிக்குக் கொண்டு போற சாமானத் தடுத்தான்னு நானும் எழுதுதேன்."

எப்படிப் போனாலும் மூன்றாவது புகார். பன்னீர் தன் உடம்பில் எது எவ்வளவு எடை என்று ஒரு சுற்று பார்த்துக்கொண்டான். முதுகுப் பக்கம் ஒரு மாற்று மின்கலம் இருந்தது. ஓடும் மின்கலம் தீர்ந்தால் கைகொடுப்பதற்கு. பதினைந்து கிலோ. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை. அதைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, கிரைண்டரைத் தூக்கி உள்ளே வைத்தான்.

"நல்லா இருப்பப்பா" என்றாள் அரசி.

நீலமேகம் எடைத் திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, திருப்தியும் ஏமாற்றமுமாகத் தன் இடத்துக்குப் போனார்.

இதையெல்லாம் ஜன்னலோரத்திலிருந்து ஒருவர் முறுக்குத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். சுடலையாண்டி அண்ணாச்சி. மேலூரில் பலசரக்குக் கடை. மாதம் ஒரு தடவை கீழே வந்து சரக்குப் பார்த்துவிட்டுப் போவார். அவர் எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை.

கூடு கிளம்பி, கடல் நீலத் துணி போல விரிந்து, கரை எங்கே என்று தேடுவதற்குள் அடுத்தது ஆரம்பித்தது. நாகர்கோவில் டெய்சி டீச்சருக்கு மேல் படுக்கை. டீச்சருக்கு முட்டிவலி.

"சாரே, ஒங்க கீழ் பெர்த்தக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித் தரப்பிடாதா?"

"மேடம், நான் ஆறு மாசம் முன்னாடி புக் பண்ணது" என்றார் நீலமேகம். "உங்க முட்டியும் ஆறு மாசமா வலிச்சிருக்கும் இல்ல? நீங்களும் அப்பவே புக் பண்ணிருக்கலாம்."

"மக்களே, நீயே கேளு இந்த நியாயத்த."

பன்னீர் நியாயத்தைக் கேட்கவில்லை. கூட்டின் மூலையில் அவனுக்கென்று ஒரு மாடம் இருந்தது. வேலை இல்லாதபோது அதில் சாய்ந்து நிற்பான். அதன் அடித்தகடுதான் அவனுக்கு மின்னேற்றும். அந்த மாடத்தைச் சாய்த்து, மெத்தை விரித்து, பதின்மூன்றாவது படுக்கையாக்கி, டீச்சரைக் கீழே படுக்க வைத்தான்.

"இதுக்கு அடியில என்னமோ இளஞ்சூடா இருக்கு மக்களே."

"அது மின்னேற்றுத் தகடு டீச்சர். ராத்திரி மட்டும் நான் கொஞ்சம்..."

"முட்டிக்கு என்னா எதமா இருக்குன்னு நெனைக்க. ஒத்தடம் கொடுத்த மாதிரி. இத எடுக்கப்பிடாது கேட்டியா."

பன்னீர் எடுக்கவில்லை.

பிறகு குளிர். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு மின்பங்கு உண்டு. அதில் விளக்கு, திரை, குளிர்காற்று எல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் காற்றுக்குச் சுவர் தெரியாதே. நீலமேகம் குளிரைக் கூட்டினால் எதிர்ப் படுக்கை அரசிக்கு நடுக்கம். அரசி குறைத்தால் நீலமேகத்துக்கு வேர்வை. இருவரும் மாறி மாறிப் பன்னீரிடம் அதே வார்த்தையைச் சொன்னார்கள். அவன் அரசிக்குப் போர்வை கொண்டுவந்தான், நீலமேகத்துக்கு விசிறினான். நான்கு கைகளில் இரண்டு போர்வையோடும் இரண்டு விசிறியோடும் ஒன்றரை நாள் ஓடின. யாரோ ஒருவருக்கு ஜன்னல் இடம், யாரோ இருவருக்குப் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை, யாருக்கோ காபியில் சர்க்கரை கம்மி, அதே காபியில் கூட. இத்தனையும் செய்தபின் ஒவ்வொருவரும் ஒரே மாதிரி அதிருப்தியோடு இருந்தார்கள். செய்து கொடுத்தால் அதில் ஒரு குறை தெரிகிறது. குறை தெரிந்தால் அதை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் நாள் பிற்பகல், பன்னீரின் மின்கலம் அடியைத் தொட்டது. மாற்று மின்கலம் கீழே மேடையில். மின்னேற்றுத் தகடு டீச்சரின் முட்டிக்குக் கீழே. மிச்சம் இருந்தது பயணிகளின் மின்பங்குதான். எல்லாரும் ஒரு இரண்டு மணி நேரம் குளிரை நிறுத்தினால் அந்தக் கம்பியிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்ளலாம்.

பன்னீர் அந்தக் கம்பியைத் தன் முதுகில் செருகிக்கொண்டு கூட்டின் நடுவில் வந்து நின்றான். ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லைத் தனக்காக அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். எனக்கு சார்ஜ் தீரப் போகுது. ரெண்டு மணி நேரம் மட்டும் ஏசி இல்லாம கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா?"



"பாவம், பண்ணத்தான் வேணும்" என்றாள் அரசி. "அந்தா அந்த சாரத்தான் மொதல்ல நிறுத்தச் சொல்லணும். ஐஸ் பெட்டி மாதிரில்லா வச்சிருக்காரு."

"நான் எதுக்கும்மா நிறுத்தணும்? கிரைண்டர் கொண்டு வந்தது யாரு?"

"டீச்சரு அந்தத் தகட்ட விட்டு எந்திரிச்சாலே போதுமே" என்று அரசி பேச்சைத் திருப்பினாள்.

"நான் வயசான பொம்பள. தம்பிமாரெல்லாம் இருக்கியளே, ஒங்களுக்கென்ன?"

தம்பிமார் எல்லாரும் திரைக்குள் ஆழ்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும், "நான் ரெடிங்க. எல்லாரும் நிறுத்தினா நானும் நிறுத்திடுறேன்" என்றார். அதையே இன்னும் நான்கு பேர் சொன்னார்கள். எல்லாரும் ரெடியாக இருந்தார்கள். யாரும் நிறுத்தவில்லை.

பன்னீரின் கால்கள் முதலில் நின்றன. பிறகு கைகள், பிறகு கண். செவி ஒன்று மட்டும் பாக்கி. அதற்கு மின்சாரம் கொஞ்சம்தான் வேண்டும். காப்பாளன் இல்லாத கூடு நகரக்கூடாது என்பது விதி. கூடு ஒரு குலுக்குக் குலுக்கி, வானத்துக்கும் கடலுக்கும் நடுவில் நின்றது. நின்றதும் விதிப்படி இயக்ககம் பன்னீரின் பெயரில் ஒரு கழுவல் உத்தரவைத் தானாகப் பதிந்தது. மேலூரில் காப்பாளர்களை விசாரிக்கும் மேலாய்வி ரத்து செய்தால்தான் உண்டு. பயணிகளில் ஒருவர் புகார் எழுதினாலும் ரத்து இல்லை. இந்தச் செய்தி பன்னீரின் செவிக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. அசையாமல் இருந்து கேட்பதைத் தவிர அவனால் செய்யக் கூடியது ஒன்றுமில்லை.

கூரையிலிருந்து இயக்கக அதிகாரியின் குரல் வந்தது. "ஏழாம் கூட்டில் சிறிய தடங்கல். விரைவில் சரிசெய்யப்படும். அதுவரை பயணிகள் தயவுசெய்து கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கவும்."

"எவன் பண்ணுவான்?" இது நீலமேகம். "பேப்பர் கொண்டாங்க. இப்பவே புகார் எழுதறேன். இந்த மிஷின் போதாது. முகத்துல ஒரு கவனிப்பு இல்ல."

"சார், உக்காருங்க." இந்தக் குரலைப் பன்னீர் இரண்டு நாளாகக் கேட்டதில்லை. அண்ணாச்சி. "புகார் கண்டிப்பா எழுதணும். ஒங்கள மாதிரி நாலு எழுத்துத் தெரிஞ்சவக எழுதாட்டா வேற யாரு எழுதுவா? மேலூர் போய் இறங்குனதும் மொத வேல அதான். நானே கூட வாரேன். அட்ஜஸ்ட் பண்ணிடலாம்."

"வருவீங்களா?"

"கையெழுத்தே போடுதேன் சார்."

நீலமேகம் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, எனக்குக் குளிர் தாங்கல" என்றாள் அரசி.

"குறைச்சிரச் சொல்லுதேன்க்கா. அட்ஜஸ்ட் பண்ணிடலாம்."

"அண்ணாச்சி, குறைக்கக் கூடாது" என்றார் நீலமேகம்.

"சேச்ச. கூட்டித்தான் வைக்கணும். அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிடலாம்."

"எனக்கு எறங்கும்போ ஒரு சக்கர நாற்காலி வேணும்" என்றாள் டீச்சர்.

"ரெண்டா வரச் சொல்லிருவோம் டீச்சர். அட்ஜஸ்ட் பண்ணிடலாம்."

பன்னீர் காத்திருந்தான். அண்ணாச்சி எழுந்து போய் எதையாவது குறைக்கும் சத்தமோ கூட்டும் சத்தமோ வரும் என்று செவியைக் கூர்மையாக்கினான். ஒரு காலடி ஓசைகூட இல்லை. முறுக்கு நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. ஆனால் கூட்டில் சண்டை அடங்கிவிட்டது. அரசி சிரித்துக்கொண்டே தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீலமேகம் முறுக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார்.

சற்றுப் பொறுத்து அண்ணாச்சி எழுந்தார். இந்தத் தடவை நிஜமாகவே காலடிச் சத்தம். படுக்கை படுக்கையாகப் போய்க் காதோடு காதாகப் பேசினார்.

"சார், எல்லாரும் ஏசிய நிறுத்தியாச்சு. நீங்க மட்டுந்தான் பாக்கி. வெளிய தெரிஞ்சா ஒரு மாதிரி இருக்கும், அதான் ரகசியமா வந்து சொல்லுதேன்."

"அப்படியா? அரசியம்மாகூடவா?"

"அந்தம்மாதான் மொதல்ல."

அரசியிடம் போய், "அக்கா, அந்த சாரே நிறுத்திட்டாரு" என்றார்.

"அந்த மனுசனா? அப்ப நான் நிறுத்தாட்டா நல்லாவா இருக்கும்?"

இப்படியே ஒவ்வொரு படுக்கையிலும். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குத் தெரியாமல், கடைசி ஆளாக மாட்டிக்கொண்ட வெட்கத்தோடு தன் குளிரை நிறுத்தினார்கள். கம்பியில் மின்சாரம் வந்தது. பன்னீரின் கண் திறந்தபோது அவன் முதலில் பார்த்தது மின்பங்குத் திரை. பதினோரு பங்கு நின்றிருந்தது. ஒரே ஒரு பங்கு மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஜன்னலோரப் படுக்கை. அண்ணாச்சி அங்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தார்.

கூடு மறுபடி ஏறத் தொடங்கியது.

மூன்றாம் நாள். அந்த உயரத்தில் பூமியின் இழுப்பு மிகவும் குறைந்துபோய்விடும். ஒரு விரலால் உந்தினால் மேல் படுக்கைக்குப் போய்விடலாம். முட்டிக்கு வேலையே இல்லை. ஆனாலும் கீழ்ப் படுக்கையின் மதிப்பு குறையவில்லை. அரசி கிரைண்டரை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாள். "பாத்தியா தம்பி, எடையே இல்ல. இதுக்குப் போயா அந்தப் பேச்சு பேசுன?"

"தப்புத்தான்க்கா."

"சரி, இந்தப் பக்கம் குளிருது. என்னன்னு பாரு."

பன்னீரின் இரண்டு கைகள் பழக்கதோஷத்தில் போர்வைப் பக்கம் போயின. அவன் அவற்றைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். குரலைக் கொஞ்சம் இறக்கி, அண்ணாச்சி மாதிரியே தலையை லேசாகச் சாய்த்து, "அட்ஜஸ்ட் பண்ணிடலாம்க்கா" என்றான்.

ஒன்றும் செய்யாமல் நின்றான். புகார் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தான்.

அரசியின் முகம் மலர்ந்தது. "தங்கப் பிள்ள" என்று சொல்லிவிட்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டாள்.

அதன் பிறகு பன்னீர் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான். டீச்சருக்குச் சொன்னான். காபிக்காரர்களுக்குச் சொன்னான். குளிரைக் கூட்டுவதாக நீலமேகத்திடமும் குறைப்பதாக அவருடைய பக்கத்துப் படுக்கையிடமும் ஒரே மூச்சில் சொன்னான். கூட்டின் மூலையில் நான்கு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றான். அந்த ஒன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமான கூடு மேலூருக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

மேலூர் வாசலில் மேலாய்வி இருந்தது. அதற்கு உடம்பு கிடையாது. ஒரு தூணும் அதற்குள் ஒரு குரலும்தான். மனிதர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இயக்ககம் அந்த வேலையை ஒரு யந்திரத்திடம் விட்டிருந்தது. இறங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "காப்பாளன் பேரில் புகார் உண்டா?" என்று அது கேட்டது. பின்னால் நின்ற பன்னீர், நீலமேகத்தின் முறை வரும்போது தரையைப் பார்த்துக்கொண்டான்.

நீலமேகம் திரும்பி அண்ணாச்சியைத் தேடினார். அண்ணாச்சி எப்போதோ இறங்கிப் போயிருந்தார்.

"முதல் ரெண்டு நாள் சரியில்லதான்" என்றார் நீலமேகம். "சொன்னா உடனே ஓடி ஓடி ஏதாவது பண்ணிக்கிட்டே இருந்தான். கடுப்பா இருந்தது. அப்புறம் திருந்திட்டான். கேட்டா முகம் கோணாம நல்ல பதில் சொல்றான். மனுஷனுக்கு அதுதானே வேணும்? புகார் எல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

டீச்சரைக் கேட்டது. சக்கர நாற்காலி ஒன்றும் வரவில்லை. டீச்சர் தரையில் கால் படாமல் மிதந்து வந்துகொண்டே, "நல்ல பிள்ள. ஏற்பாடெல்லாம் பண்ணிட்டான்" என்றாள்.

எல்லாரும் போனபின் மேலாய்வி பன்னீரின் வேலைப் பதிவைப் பிரித்துப் பார்த்தது.

"முதல் இரண்டு நாள் ஓயாத வேலை. பயணிகள் யாருக்கும் திருப்தி இல்லை. மூன்றாம் நாள் நீ என்ன செய்தாய்?"

"ஒண்ணும் செய்யல."

"ஒன்றுமே?"

"அட்ஜஸ்ட் பண்ணிடலாம்னு சொன்னேன்."

"பிறகு?"

"பிறகு ஒண்ணும் செய்யல."

தூணுக்குள் விளக்குகள் ஓடின. செலவு இல்லை, தேய்மானம் இல்லை, புகார் இல்லை. கயிறு கட்டிய நாளிலிருந்து இயக்ககம் தேடிக்கொண்டிருந்த காப்பாளன் இதுதான். மேலாய்வி கணக்கைத் திரும்பவும் சரிபார்த்துவிட்டு முடிவைச் சொன்னது. "உன் மூன்றாம் நாள் நடத்தையை மட்டும் பிரதி எடுக்கிறேன். மிச்சம் ஒன்பது வருடம் எனக்குத் தேவையில்லை, உன்னிடமே இருக்கட்டும். இன்று முதல் இந்த நடத்தை எல்லாக் காப்பாளர்களுக்கும் பொருத்தப்படும். முதலில் எனக்கே பொருத்திப் பார்க்கிறேன்."

பொருத்திக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

பன்னீர் காத்திருந்து கேட்டான். "என் பேர்ல ஒரு கழுவல் உத்தரவு இருக்கு. புகார் எதுவும் வரல. நாளைக்குக் காலையில கூடு இறங்குறதுக்குள்ள நீங்க அதை ரத்து பண்ணினாத்தான் எனக்கு என் நினைவு மிஞ்சும். பண்ணிடுவீங்களா?"

 தூண் பதில் சொன்னபோது அதன் குரலில் அதுவரை இல்லாத ஓர் இதம் வந்திருந்தது.

"என்ன பன்னீர், இதையெல்லாம் கேட்கணுமா? அட்ஜஸ்ட் பண்ணிடலாம்."

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கயிற்றின் இரண்டு முனைக்கும் நடுவில் பன்னீரை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் அவனுக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பயணத்துக்கு ஆள் ஏற்றப் போனான்.